கலங்கரை விளக்கத்துப் பையன்

ஜூலை 3, வியாழன்

ஆனி பாதி தாண்டியும் வெயில் குறையவில்லை. தூறல்கூட இல்லை.

ஒரு கேள்வி. பதில் எனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். அப்பா இறந்த அன்று நான் பாபுவின் வாயைப் பொத்தினேனா?

இன்று காலை வரை இப்படி ஒரு கேள்வியே என் வாழ்க்கையில் கிடையாது. நேற்று தமிழ்த்துறை கண்மணி ஒரு புத்தகம் கொடுத்தார். சென்னையில் ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் ஒருவர் எழுதியது. தன்னிடம் வந்த நோயாளிகளின் கதைகள். "நாலாவது கதையை மட்டுமாவது படிங்க மேடம். நான் அழுதுட்டேன். நீங்க புள்ளியியல்காரங்க, அழ மாட்டீங்க. பரவால்ல, படிங்க."

கண்மணிக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலும் அழுகை வரும். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இன்று மூன்றாவது பீரியடு ஓய்வு. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நாலாவது கதை. தலைப்பு 'கலங்கரை விளக்கத்துப் பையன்'. அட்டையில் மருத்துவர் பெயரைப் பார்த்தபோதே நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது.

கடலோர ஊர். பத்தொன்பது வயதுப் பையன். கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் நடப்பான். அதை நோக்கிப் போக வேண்டியிருந்தால் பின்பக்கமாக நடப்பான். அது தன்னைப் பார்க்கிறது என்பான். அது தெரிகிற ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி வைத்திருப்பான்.

எங்கள் திருவண்ணாமலையில் அது கலங்கரை விளக்கம் இல்லை. மலை. அந்த ஜன்னலில் காய்ந்த பசையைத் தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தவள் நான். பின்பக்கமாக நடந்து சாக்கடையில் விழுந்தவனைத் தூக்கிவிட்டவளும் நான்.

என் தம்பி பாபு. பத்தொன்பது வயதில் அவனைச் சேர்த்திருந்த மனநல வார்டின் டாக்டர்தான் இவர்.

நாலாவது பீரியடு இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பு. கூறெடுப்புப் பிழை, சாம்ப்ளிங் எரர். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பாபு கடைக்குப் போன பிறகு மறுபடி படித்தேன். பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.

சரியானவை: வயது. ஜன்னல். பின்பக்க நடை. அம்மா முன்பே இல்லை என்பது. அவனைவிட மூத்த அக்கா ஒருத்தி, 'அதிகம் பேசாதவள், முகத்தில் எதுவும் காட்டாதவள்'. (நான்தான். வேறு யார்.)

மாற்றியவை: மலை, கலங்கரை விளக்கம் ஆகிவிட்டது. கிணறு, கடல் ஆகிவிட்டது. அப்பாவுக்கு அடி அண்ணாமலையில் இருந்த நிலம், மீன் ஏலக்கடை ஆகிவிட்டது. அடையாளத்தை மறைக்க. அது நியாயம்தான்.

பொய்: கடைசிப் பத்தி. பையன் எல்லாவற்றையும் சொல்லி அழுத அன்றே கலங்கரை விளக்கம் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டதாம். மெல்ல மெல்ல மாத்திரைகளும் நிறுத்தப்பட்டனவாம். இன்று மனைவி, இரண்டு குழந்தைகள், சொந்தத் தொழில்.

நிஜம்: கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்து மூன்று வயது. வேங்கிக்காலில் என்னோடு இருக்கிறான். கலெக்டர் ஆபீஸ் எதிரில் அன்வர் பாய் கடையில் ஜெராக்ஸ், மனு டைப்பிங். காலையும் இரவும் மாத்திரை. காபி டபராவுக்குப் பக்கத்தில் ஒரு மூடியில் எடுத்து வைப்பேன், அவனே போட்டுக்கொள்வான். வார்டில் இருந்தபோது நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். வீட்டில் அது வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

தெரியாதது: கதையின் நடு. பையனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா படகுத்துறையிலிருந்து தானாகக் கடலில் குதிப்பதைப் பார்க்கிறான். ஓடி வந்து அக்காவிடம் சொல்கிறான். அவள் கையால் அவன் வாயைப் பொத்தி, "நீ எதையும் பாக்கல" என்கிறாள். கையில் கருவாட்டு வாசனை. அந்தக் கை ஏழு வருடம் அவன் வாயிலேயே இருந்தது, நோய் என்பது அந்தக் கைதான் என்கிறார் மருத்துவர். கலங்கரை விளக்கம் என்பது அப்பாவின் கண்.

மலை அப்பாவாம். எத்தனை அழகு. அழகாக இருக்கும் எதையும் உடனே நம்பாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மோட்டார் பார்க்கப் போனார், கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தார். போலீசும் அப்படித்தான் எழுதியது. ஊரும் அதைத்தான் சொன்னது. நானும். பாபு பார்த்தான் என்று அவன் என்னிடம் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. நினைவில்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. தெரியும்.

புத்தகத்தைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவன் கண்ணில் படக் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

கோழிக் குழம்பு. பாபு இரண்டு தடவை போட்டுக்கொண்டான். காலையிலேயே எழுந்து மலைப்பக்க ஜன்னலை சோப்புப் போட்டுத் துடைத்திருக்கிறான். கம்பி கம்பியாக.

"இன்னாடா திடீர்னு?"

"சும்மாதான். எவ்ளோ தூசி பாரு. மலையே தெரியல."

பிறகு இரண்டு சட்டைக்கு இஸ்திரி. பாட்டு வேறு. சாப்பிடும்போது கேட்டான், "ஏன்க்கா, என் வயசுல கல்யாணம் பண்ணிக்கறவங்க இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க. ரெண்டாந்தாரத்துக்கு."

சிரித்தான். நானும். கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

தூக்கம் கம்மி. பேச்சு ஜாஸ்தி. இரண்டு நாளாகவே. குறித்து வைக்கிறேன்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, கொசுவத்தி, சிவப்புப் பேனா.

ஜூலை 7, திங்கள்

குறைதீர்க்கும் நாள் என்பதால் கலெக்டர் ஆபீஸ் எதிரில் நிற்க இடமில்லை. மாதத் தேர்வுக் கேள்வித்தாளை நகலெடுக்க அன்வர் பாய் கடைக்கே போனேன். பாபு கம்ப்யூட்டர் முன்னால். எதிரில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், உதவித்தொகை மனுவுக்காக.

"பசங்க கீறாங்களா?"

"ரெண்டு பேர்."

"பாத்துக்கறாங்களா?"

"பெரியவன் மாசம் மாசம் அரிசி வாங்கிப் போடறான்."

"அத வெளிய சொல்லாதீங்க. ஆதரவு யாரும் இல்லைன்னு போட்டுக்கறேன்."

"ஐயோ, அவன் பாத்தா கோச்சுக்குவான்யா."

"மொதல்ல கலெக்டர் பாக்கட்டும் பெரியவரே. அப்பறம் உம் புள்ள பாக்கட்டும்."

வரிசையே சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்.

மேஜைக்கு அடியில் ஸ்பைரல் போட்ட கட்டு ஒன்று. மேல் தாளில் 'கலங்கரை விளக்கத்துப் பையன்'.

நான் பார்ப்பதை அன்வர் பாய் பார்த்தார். "உங்க காலேஜ் மேடம் குடுத்ததுதாம்மா. பசங்களுக்காம், இருபது செட்டு. தம்பிதான் எடுத்தான். ஒவ்வொரு பக்கமா படிச்சிக்கினே எடுத்தான். டோனர் தீந்து வெள்ளையா வருது, அது கூட தெரியல அவனுக்கு. அவ்ளோ நல்ல கதையாம்மா?"

பாபு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த மனுவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மாலை, வீட்டில்.

"எப்போ படிச்சே?"

"போன வாரம். உனக்கு முன்னாடியே." சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தான். உள்ளே மாத்திரைகள். வெள்ளையும் மஞ்சளும். "தூக்கிப் போடல. காசு குடுத்து வாங்கினது, வேஸ்ட் பண்ணக் கூடாதுல்ல. எனக்குத்தான் சரியாயிடுச்சேக்கா. டாக்டரே புக்குல போட்டுட்டாரு."

"அது நீ இல்லடா."

"வேற எவன் ஜன்னல்ல பேப்பர் ஒட்டினான்?"

"நீதான். ஆனா முடிவு பொய். உனக்குத் தெரியாதா? எங்கே உன் பொண்டாட்டி, எங்கே புள்ளைங்க?"

"அது இனிமேட்டு வரும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "முடிவு பொய்னா நடுவுல இருக்கறது? அதுவும் பொய்யாக்கா?"

என் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அல்லது மேஜையைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

 நடுப்பகுதி பொய் என்றால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே அப்படிச் சொல்கிறேன் என்று ஆகும். நிஜம் என்றால் முடிவையும் நம்புவான், மாத்திரை போட மாட்டான். கதையில் எனக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுக்க என்னிடம் என்ன கத்தி இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

பதிப்பகத்தில் கேட்டு மருத்துவரின் எண் வாங்கினேன். மதியம் கல்லூரி மாடிப்படியில் நின்று பேசினேன். கனிவான குரல். அதே குரல்.

"லைட்ஹவுஸ் பையனா? எல்லாரும் அதைத்தாம்மா கேக்கறாங்க."

நான் அவனுடைய அக்கா என்றேன். திருவண்ணாமலை என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "அது ஒரே ஆள் இல்லம்மா. ரெண்டு மூணு பேஷண்ட்டைச் சேத்து எழுதினது. அடையாளம் தெரியக் கூடாது இல்லையா?"

"ஜன்னல் எங்க வீட்டு ஜன்னல், டாக்டர்."

"இருக்கலாம்மா."

"வாயைப் பொத்தின அக்கா? அது யாரோட அக்கா?"

"இத்தனை வருஷம் கழிச்சு எப்படிம்மா சொல்ல? ஃபைலெல்லாம் ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டேன். ஞாபகத்துல இருந்து எழுதினதுதான்." பிறகு, "யாரோட அக்காவா இருந்தா என்னம்மா? அந்தக் காட்சியில ஒரு உண்மை இருக்கு இல்லையா?"

"என் தம்பி அதைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்திட்டான்."

"ஐயோ. உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்க. அவர் போடணும்மா, நிறுத்தக் கூடாது."

"நிறுத்தினதா எழுதியிருக்கீங்களே."

"படிக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணாமாம்மா?"

வேண்டும்தான். வைத்துவிட்டேன். என்னை அவருக்கு நினைவில்லை. பாபுவின் பெயரை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

படியில் இரண்டு மாணவிகள். ஒருத்தி இன்னொருத்தியிடம்: "கண்மணி மேடம் குடுத்தாங்களே அந்தக் கதை, அதுல வர அக்கா இன்னாடி மனுஷி. நானா இருந்தா கொன்னுருப்பேன்." என்னைப் பார்த்ததும் வழிவிட்டு, "குட் ஆஃப்டர்நூன் மேடம்."

ஜூலை 9, புதன்

அரை நாள் விடுப்பு. பாபுவை இப்போது பார்க்கும் லேடி டாக்டரின் கிளினிக். அவன் வர மறுத்துவிட்டான், நான் மட்டும். நாளை பௌர்ணமி என்பதால் இன்றே ஊருக்குள் கூட்டம், ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது.

டாக்டர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். பழைய விவரங்கள் வேண்டும் என்று புதுத் தாள் எடுத்தார். "அப்பா எப்படி இறந்தாங்க?"

"கிணத்துல தவறி விழுந்து."

எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி இல்லை, ஒரு நிமிர்ந்து பார்த்தல் இல்லை. தகவல் சொன்னவர் யார் என்ற இடத்தில் 'அக்கா, கல்லூரி ஆசிரியை'. அதற்குப் பக்கத்தில் 'நம்பகமானவர்'. தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. இனி அதுதான் உண்மை. சேலையும் படிப்பும் பார்த்துப் போட்ட மதிப்பெண்.

மாத்திரையைப் பேசிப் புரியவைத்துப் போடவையுங்கள், இரண்டு மூன்று நாளில் முடியாவிட்டால் சேர்த்துவிடலாம் என்றார்.

வெளியே மருந்துக்கு நிற்கும்போது பக்கத்து அம்மாள், தானாக: "போட மாட்டேன்றாரா? எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். இப்போ காபில கலக்கிடறேன். பொடி பண்ணி, சக்கரை ஜாஸ்தி போட்டு. அவருக்கு இன்னா தெரியும்? நல்லாத்தான் வேலைக்குப் போறாரு."

"சொல்லாமலா?"

"சொன்னா குடிப்பாரா?"

 பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. கல்லூரியில் பாதிப் பேர் வரவில்லை. வீடு திரும்பியபோது பாபு குளித்து விபூதி பூசி நின்றான்.

"மலைய சுத்திட்டு வரேன்க்கா."

இந்த ஊரில் பிறந்து ஒரு தடவைகூடச் சுற்றாதவன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கூட வரட்டுமா என்றேன். "நீதான் இதெல்லாம் நம்பமாட்டியே" என்று சிரித்துவிட்டுச் செருப்பில்லாமல் போனான்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். முழுதாகச் சுற்ற அந்த நேரம் போதாது. அடி அண்ணாமலை வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான். நம் பழைய நிலம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் பாதை போகிறது. கேட்டால், "செம கூட்டம்க்கா." அவ்வளவுதான். சாப்பிடவில்லை.

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

பாபு கடைக்குப் போகவில்லை. மாலை நான் வந்தபோது சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நானும் எதிரில் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

"அப்பா விழுந்ததை நீ பாத்தியா?"

உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்த புக்கு டாக்டர் வார்டுல வாராவாரம் அதையேதான்க்கா கேப்பாரு. கெணத்தாண்ட யார் இருந்தா, கெணத்தாண்ட யார் இருந்தான்னு. யாரும் இல்லன்னா பேனாவ மூடி வச்சிடுவாரு. ஒரு நாள், நான் இருந்தேன்னேன். பேனாவத் தொறந்தாரு. அப்பா தானா குதிச்சாருன்னேன். எழுதிக்கினே இருந்தாரு. அந்த மாசமே வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"அப்போ பொய் சொன்னியா?"

"நான் தெனம் மனு டைப் பண்றனே, அதெல்லாம் பொய்யா? இல்லாதவங்கதான் வராங்க. எப்படி சொன்னா வேலை ஆவுமோ அப்படி சொல்றது."

"பாபு. நான் உன் வாயைப் பொத்தினேனா?"

உரித்த தோலைத் தட்டில் போட்டான். கண்ணில் தண்ணீர், வெங்காயம்.

"புக்குல கருவாட்டு வாசனைன்னு போட்டுருக்காரு. தப்பு. உன் கை சீக்கா வாசனைதான் அடிக்கும்."

உரித்ததை அலசக் குழாயடிக்கு எழுந்து போனான்.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பேன். அப்பா இறந்தது வெள்ளிக்கிழமை. இது இரண்டும் நிச்சயம். ஆனால் என் கையில் சீயக்காய் வாசனை எல்லா வாரமும்தான் இருந்திருக்கும். எத்தனை தடவை அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், முகம் துடைத்திருக்கிறேன். அவன் சொன்னது ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கு ஆறுதலா, குற்றச்சாட்டா? மூன்று பேர் சாட்சி. ஒருவர் ஞாபகத்திலிருந்து எழுதுகிறார். ஒருவன் எப்படிச் சொன்னால் வேலை ஆகுமோ அப்படிச் சொல்கிறான். ஒருத்திக்கு நினைவே இல்லை. இவர்களில் மோசமான சாட்சி நான். ஆனால் 'நம்பகமானவர்' என்று எழுதப்பட்டது என்னைத்தான்.

மாத்திரையை மூடியில் வைத்தேன். அவன் தொடவில்லை. உள்ளே போய் மலைப்பக்க ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டான். திரையையும் இழுத்துவிட்டான். பார்த்தேன். 

அந்த டாக்டராக இருந்தால் நாளைய தினத்தை எப்படி எழுதுவார் என்று தெரியும். அக்காவும் தம்பியும் அடி அண்ணாமலைக்குப் போகிறார்கள். தூர்ந்துபோன கிணற்றடியில் நிற்கிறார்கள். அதிகம் பேசாத அக்கா முதல்முறையாக அழுகிறாள். தம்பி மலையை நிமிர்ந்து பார்க்கிறான். கண்மணி அழுவார். இருபது செட்.

ஜூலை 12, சனி

நடந்தது இது.

லேசாக மேகம். மழை இல்லை. பாபு எழுந்திருக்கவில்லை. காபி போட்டேன். ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பூரிக்கட்டையால் நசுக்கினேன். எப்போது முடிவு செய்தேன் என்று தெரியாது. கை செய்தது. அவன் டம்ளரில் கொட்டி, சர்க்கரை கூடப் போட்டுக் கலக்கினேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தான். உட்காரவில்லை. கையை நீட்டினான்.

"மாத்திரை குடுக்கா. மலை மறுபடி பாக்குது. ஜன்னல மூடிட்டேன், பாத்த இல்ல?"

அட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். தண்ணீர் குடித்து விழுங்கினான். பிறகு, நான் கேட்காமலே, வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கினான். நான் பார்த்தேன். வேண்டாம்டா என்று சொல்லியிருக்கலாம். குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காபி டம்ளரை எடுத்தான். தட்டிவிட்டேன்.

"கை தவறிடுச்சுடா."

"பரவால்லக்கா."

துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தான். டம்ளரை எடுத்தான். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். குழாயடியில் வைத்துக் கழுவினான், விளிம்பு, உள்பக்கம், அடி. கவிழ்த்து வைத்தான்.

"நீ உக்காரு. ரெண்டு பேருக்கும் நானே போடறேன்."

போட்டான். ஆற்றி என் முன்னால் வைத்தான். எடுத்தேன். குடிப்பதற்கு முன்னால் டம்ளருக்குள் பார்த்தேன்.

நான் பார்த்ததை அவன் பார்த்தான்.